மானிடப் புவியியலின் அடிப்படைக் கருத்துகள்: தோன்றிய சூழலும் தமிழியல் ஆய்வில் அவற்றின் பயன்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

மானிடப் புவியியலின் தொடக்கநிலைப் பாடங்களில் சூழல் நியதிவாதம், மைய இடக் கோட்பாடு, இடம்பெயர்வு விதிகள் ஆகியவை காலத்தையும் இடத்தையும் கடந்த வரையறைகளாகவே பெரும்பாலும் கற்பிக்கப்படுகின்றன. உண்மையில் இவை ஒவ்வொன்றும் 19, 20ஆம் நூற்றாண்டுகளில் மேலைநாடுகளில் எழுந்த குறிப்பிட்ட கேள்விகளுக்குக் குறிப்பிட்ட தரவுகளைக்கொண்டு அளிக்கப்பட்ட விடைகளாகும். இக்கட்டுரை இம்மூன்று கருத்துகளின் தோற்ற வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்து, திணைக் கோட்பாடு, சோழர்கால நாடு - நகரம் அமைப்பு, இலங்கைத் தோட்டத் தொழிலாளர் இடம்பெயர்வு ஆகிய களங்களில் அவை எந்த அளவிற்குப் பொருந்துகின்றன என்பதை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மானிடப் புவியியல், சூழல் நியதிவாதம், திணை, மைய இடக் கோட்பாடு, நகரம், இடம்பெயர்வு விதிகள், கங்காணி முறை, தாயகம் திரும்பியோர்.

1. முன்னுரை

மனிதர்க்கும் அவர்தம் நிலத்திற்கும் இடையிலான உறவை ஆராயும் துறையே மானிடப் புவியியல் எனப்படும். மக்கள் எங்கு வாழ்கின்றனர், ஏன் அங்கு வாழ்கின்றனர், ஓர் இடம் மற்றோர் இடத்தோடு எவ்வாறு தொடர்பு கொள்கிறது, மக்கள் ஏன் இடம்விட்டு இடம் செல்கின்றனர் என்பன இத்துறையின் அடிப்படை வினாக்கள். இவ்வினாக்களையொட்டி எழுந்த கலைச்சொற்கள் இன்று புவியியல் துறையோடு நின்றுவிடவில்லை. சங்க இலக்கிய ஆய்வு, கல்வெட்டாய்வு, புலம்பெயர் இலக்கிய ஆய்வு எனத் தமிழியலின் பல பிரிவுகளிலும் அவை எடுத்தாளப்படுகின்றன.

அவ்வாறு எடுத்தாளும்போது ஓர் இடர்ப்பாடு நேர்கிறது. பாடநூல் ஒரு கருத்தை இரண்டு வரிகளில் வரையறுக்கிறது. அக்கருத்தை உருவாக்கியவர் எதைக் கண்டறிய முயன்றார், எந்தத் தரவை நம்பினார் என்பன அவ்வரையறையில் இடம்பெறுவதில்லை. வரையறையை மட்டும் பெற்ற ஆய்வாளர், அது எந்த இடம் வரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதை அறிய வழியின்றிப் போகிறார். ஒரு கருத்தின் எல்லையை அது சார்ந்திருந்த தரவின் வழியாகவே அறிய இயலும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

2. சூழல் நியதிவாதமும் திணைக் கோட்பாடும்

இயற்கைச் சூழலே மனித வாழ்வையும் பண்பாட்டையும் தீர்மானிக்கிறது என்னும் கருத்தே சூழல் நியதிவாதம். இதன் நவீன வடிவம் செருமானிய அறிஞர் ஃபிரீட்ரிக் ரட்சலோடு (1844-1904) இணைத்துப் பேசப்படுகிறது. விலங்கியல் பயின்ற ரட்சல், செய்தித்தாளொன்றின் சார்பில் பயணக் கட்டுரைகள் எழுதியவர். மானிடப் புவியியல் குறித்த அவரது நூலின் முதல் தொகுதி 1882இலும் இரண்டாம் தொகுதி 1891இலும் வெளிவந்தன. 1897இல் வெளியிட்ட அரசியல் புவியியல் நூலில் அரசை நிலத்தில் வேரூன்றி வளரும் ஓர் உயிரியாக அவர் கண்டார். 1871இல் ஒன்றிணைந்து குடியேற்ற நாடுகளைத் தேடத் தொடங்கியிருந்த செருமானியப் பேரரசில் இக்கருத்துக்கு வரவேற்பு இருந்தது. 1901இல் அவர் விளக்கிய 'வாழ்வெளி' என்னும் சொல் பின்னர் நாசி அரசின் நிலப்பறிப்புக் கொள்கைக்குப் பெயராயிற்று.

ரட்சலின் மாணவரான அமெரிக்கர் எலன் சர்ச்சில் செம்பிள் 1911இல் வெளியிட்ட நூலின் வழியாகவே இக்கருத்து ஆங்கிலம் அறிந்த உலகில் பரவியது. அரசை உயிரியாகக் காணும் பகுதியை அவர் விலக்கிவிட்டார். சூழலின் ஆளுகை என்னும் பகுதியை விரித்துரைத்தார். எல்ஸ்வொர்த் ஹண்டிங்டன் 1915இல் வெளியிட்ட நூலில் இதனை மேலும் கொண்டுசென்றார். காலநிலைக்கும் நாகரிகத்திற்கும் உள்ள தொடர்பை நிறுவ, உலக நாடுகளின் நாகரிக நிலையை மதிப்பிட்டுத் தருமாறு அவர் பல அறிஞர்களிடம் மடல்வழிக் கேட்டார். விடையளித்தவர்களில் பெரும்பாலோர் மேலைநாட்டினர். அம்மதிப்பீடுகளைக்கொண்டு வரையப்பட்ட நாகரிக வரைபடம், அவர் உருவாக்கிய காலநிலை ஆற்றல் வரைபடத்தோடு ஒத்துப்போனதில் வியப்பில்லை. மேலைநாட்டினர் தம்மைப் பற்றிக் கொண்டிருந்த கருத்தே அங்குத் தரவாக அமைந்தது.

பிரான்சில் விதால் தெ லா பிளாஷ் (1845-1918) வேறொரு வழியில் சென்றார். வரலாறு பயின்று புவியியலுக்கு வந்த அவர், ஒரே வகை நிலத்தில் வெவ்வேறு வாழ்க்கை முறைகள் நிலவுவதைச் சுட்டி, இயற்கை வாய்ப்புகளை அளிக்கிறது, தேர்பவர் மனிதரே என்னும் நோக்கை வளர்த்தார். இதனைச் 'சாத்தியவாதம்' எனப் பெயரிட்டு ஒரு கொள்கையாக்கியவர் வரலாற்றறிஞர் லூசியன் ஃபெவ்ர். அவரது நூல் 1922இல் வெளிவந்தது.

தமிழ் ஆய்வுலகில் ஐந்திணைப் பகுப்பு இவ்விரு கொள்கைகளோடும் ஒப்பிடப்பட்டு வந்துள்ளது. பி.டி. சீனிவாச ஐயங்கார் 1929இல் வெளியிட்ட தமிழர் வரலாற்றில் ஐந்நிலங்களை மனித வளர்ச்சியின் படிநிலைகளாகக் கண்டார். கார்த்திகேசு சிவத்தம்பி 1974இல் எழுதிய கட்டுரையில் திணையைச் சமச்சீரற்ற பொருளாதார வளர்ச்சியின் வெளிப்பாடாக விளக்கினார். இவை முறையான வரலாற்று வாசிப்புகள். ஆனால் இவற்றின் தொடர்ச்சியாக, தொல்காப்பியமே சூழல் நியதிவாதத்தை முன்மொழிந்தது என்று கூறும் போக்கும் ஆய்வேடுகளில் காணப்படுகிறது. இது மறுபரிசீலனைக்குரியது.

தொல்காப்பியம் முதல், கரு, உரி என்னும் மூன்றையும் கூறி, அவை பாடலுள் பயின்றுவரும்போது ஒன்றினொன்று சிறந்தவை என்கிறது. அவ்வகையில் சிறப்பிடம் பெறுவது உரிப்பொருள்; அதாவது மாந்தர் உணர்வு சார்ந்த ஒழுக்கம். உரிப்பொருள் அல்லாதவை தம்முள் மயங்கலாம் எனவும் அந்நூல் இசைவளிக்கிறது. மேலும், நடுவண் ஐந்திணையுள் பாலைக்கு அது தனி நிலம் வகுக்கவில்லை. காடு, மலை, நீர்வளமுடைய வயல், கடற்கரை மணல் ஆகிய நான்கே நிலங்களாகச் சுட்டப்படுகின்றன. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்தால் பாலையின் வடிவம் கொள்ளும் எனச் சிலப்பதிகாரம் பின்னர் விளக்குகிறது. நிலம் ஒழுக்கத்தை உண்டாக்குகிறது என்பது கோட்பாடாயின், நிலமில்லாத ஓர் ஒழுக்கம் அதனுள் இடம்பெற இயலாது. ஆகவே திணை என்பது நிலத்தைக் காரணமாகவும் ஒழுக்கத்தை விளைவாகவும் கொண்ட விதியன்று. உணர்வை உணர்த்த நிலத்தையும் பொழுதையும் கருப்பொருளையும் துணையாகக் கொள்ளும் இலக்கிய ஒழுங்கு எனக் கொள்வதே மூலநூலுக்கு நெருக்கமானது. அவ்வொழுங்கின் பின்னணியில் உண்மையான நிலமும் தொழிலும் இருந்தன என்பதை இம்முடிவு மறுக்கவில்லை.

3. மைய இடக் கோட்பாடும் சோழர்கால நகரமும்

ஒரு வட்டாரத்தில் பேரூர்கள் சிலவாகவும் சிற்றூர்கள் பலவாகவும் அமைவதற்கு ஓர் ஒழுங்கு உண்டா என்னும் வினாவை வால்டர் கிறிஸ்டாலர் (1893-1969) எழுப்பினார். தென் செருமனியின் மைய இடங்கள் பற்றிய அவரது நூல் 1933இல் வெளிவந்தது. சமதளமான நிலம், சீரான மக்கட் பரவல், எத்திசையிலும் ஒரே அளவிலான போக்குவரத்துச் செலவு ஆகியவற்றை எடுகோள்களாகக் கொண்டால், சேவை எல்லைகள் அறுகோண வடிவில் அமையும் என அவர் நிறுவினார். ஒரு பொருளை வாங்க மக்கள் எவ்வளவு தொலைவு செல்வர் என்பது அதன் 'வீச்சு'. ஒரு கடை நிலைத்திருக்கத் தேவையான குறைந்த அளவு வாங்குவோர் தொகை இன்று 'தொடக்க அளவு' என்னும் பொருள்பட வழங்கும் தனிக் கலைச்சொல்லால் குறிக்கப்படுகிறது. அச்சொல்லை 1958இல் பிரையன் பெரியும் வில்லியம் காரிசனும் வழக்கிற்குக் கொண்டுவந்தனர்.

ஓர் ஊரின் மையத்தன்மையை அளக்க கிறிஸ்டாலர் பயன்படுத்திய தரவு தொலைபேசி இணைப்புகளின் எண்ணிக்கை ஆகும். மக்கள்தொகைக்கு ஏற்ப எதிர்பார்க்கத்தக்க அளவைவிட ஓர் ஊரில் இணைப்புகள் மிகுதியாக இருப்பின், அவ்வூர் தன் சுற்றுப்புறத்திற்கும் பணியாற்றுகிறது என அவர் கொண்டார். நிலையான கடைகளும் அலுவலகங்களும் நிறைந்த 1930களின் செருமனிக்கு இது பொருத்தமான அளவுகோல்.

இக்கோட்பாட்டின் பிற்கால வரலாறு பாடநூல்களில் அரிதாகவே இடம்பெறுகிறது. 1940இல் நாசிக் கட்சியில் சேர்ந்த கிறிஸ்டாலர், ஹிம்லரின் ஆளுகைக்குட்பட்ட அமைப்பில் கொன்ராட் மையர் தலைமையிலான திட்டமிடல் பணியில் ஈடுபட்டார். கைப்பற்றப்பட்ட போலந்துப் பகுதிகளில் செருமானியரைக் குடியேற்றுவதற்கான ஊர்களின் படிநிலை அமைப்பை வகுப்பது அப்பணி. அங்கு ஏற்கெனவே வாழ்ந்த போலந்து மக்களையும் யூதர்களையும் அகற்றுவது அத்திட்டத்தின் முன்நிபந்தனையாக இருந்தது. 'சமதளம்' என்பது நூலில் ஓர் எடுகோள். போலந்தில் அது மக்களை அகற்றி உருவாக்கப்பட வேண்டிய ஒன்றாயிற்று. போருக்குப் பின் இக்கோட்பாடு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வழியாக மீண்டும் பரவியது. 1966இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. இந்தியாவில் ஊரக வளர்ச்சி மையங்களைத் தெரிவு செய்வதற்கு இது 1970களில் பயன்பட்டது. ஹைதராபாதில் இயங்கிய தேசியச் சமுதாய வளர்ச்சி நிறுவனம் மிரியாலகூடா வட்டம் குறித்து 1971இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எடுத்துக்காட்டு.

வரலாற்றாய்விலும் இக்கோட்பாடு பயன்தந்துள்ளது. ஜி. வில்லியம் ஸ்கின்னர் 1964-65இல் வெளியிட்ட கட்டுரைகளில் சீன ஊரகச் சந்தைகளை இம்முறையில் ஆராய்ந்து, முறைவைத்துக் கூடும் சந்தைகளுக்கு ஏற்ப அதனைத் திருத்தியமைத்தார். கென்னத் ஹால் 1980இல் வெளியிட்ட நூலில் சோழர்கால 'நகரம்' என்னும் வணிகர் அமைப்பை ஆராய்ந்து, பொதுவாக ஒரு நாட்டிற்கு ஒரு நகரம் சந்தை மையமாக விளங்கியது என விளக்கினார். எ. சுப்பராயலு 1973இல் வெளியிட்ட சோழநாட்டு அரசியல் புவியியல் நூல், கல்வெட்டுகளில் வரும் ஊர்ப்பெயர்களை நிலப்படத்தில் இட்டு நாடுகளின் பரப்பைக் காட்டியது. ஆறுகளே நாடுகளின் எல்லைகளாக அமைந்துவிடவில்லை என்பதும், ஆற்றின் இருகரையிலும் பரவிய நாடுகள் இருந்தன என்பதும் அந்நிலப்படங்களால் தெளிவாயின. வேளாண் ஊர்களின் தொகுதியே நாடு என்னும் முடிவு அங்கிருந்து பெறப்பட்டது.

இங்கு ஆய்வாளர் கவனிக்க வேண்டியது தரவின் தன்மை. கிறிஸ்டாலருக்குத் தொலைபேசி அளித்த தரவை நமக்குக் கல்வெட்டு அளிக்கிறது. ஆனால் கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை கற்றளிகளின் சுவர்களில் பொறிக்கப்பட்டவை. கற்றளி எழாத ஊரும், எழுந்து பின் இடிந்துபோன ஊரும் நம் நிலப்படத்தில் மங்கிவிடுகின்றன. ஆகவே கல்வெட்டுகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஓர் ஊரின் மையத்தன்மையை அளந்தால், அளக்கப்படுவது வணிகமா, கோயிற்கொடையா என்னும் ஐயம் எழும். நகரத்தார் குறித்த சொற்கள், வரிப்பெயர்கள், பெருவழிகள், நாணயங்கள் ஆகியவற்றையும் இணைத்துக் காணும்போதே அவ்வையம் குறையும்.

4. இடம்பெயர்வு விதிகளும் தோட்டத் தொழிலாளர் வரலாறும்

மூன்றாவது கருத்து தமிழர் வரலாற்றோடு மிக நெருங்கியது. ஆதலின் சற்று விரிவாக நோக்கத்தக்கது. பிராங்க்பர்ட் நகரில் பிறந்து பிரித்தானியாவில் பணியாற்றிய எ. ஜி. ராவன்ஸ்டைன் 1885இலும் 1889இலும் லண்டன் புள்ளியியல் கழக இதழில் இடம்பெயர்வு விதிகள் பற்றிய இரு கட்டுரைகளை வெளியிட்டார். இடம்பெயர்வு எந்த விதிக்கும் உட்படாமல் நிகழ்கிறது என்னும் வில்லியம் ஃபாரின் கருத்தே அவரை இவ்வாய்வுக்குத் தூண்டியது. இடம்பெயர்வோரில் பெரும்பாலோர் குறுந்தொலைவே செல்கின்றனர். இடம்பெயர்வு படிப்படியாக நிகழ்கிறது. ஒவ்வோர் ஓட்டத்திற்கும் ஓர் எதிரோட்டம் உண்டு. குறுந்தொலைவு இடம்பெயர்வில் பெண்கள் மிகுதி என்பன அவர் கண்ட விதிகளுள் முதன்மையானவை. 1966இல் எவரெட் லீ இவற்றை விரிவாக்கிப் பிறப்பிடத்தின் காரணிகள், சேருமிடத்தின் காரணிகள், இடைப்பட்ட தடைகள், தனிநிலைக் காரணிகள் என வகைப்படுத்தினார். உந்து காரணி, ஈர்ப்புக் காரணி எனப் பாடநூல்கள் எளிமைப்படுத்திக் கூறுவது இவ்வழியில் வந்ததே.

ராவன்ஸ்டைனின் தரவு பிரித்தானிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருந்த பிறப்பிடம் பற்றிய பத்தி. ஒருவர் எங்குப் பிறந்தார், கணக்கெடுப்பு நாளில் எங்கு இருந்தார் என்னும் இரு செய்திகளையே அது தரும். இடையில் அவர் எங்கெல்லாம் சென்றார், யார் அழைத்துச் சென்றார், யாருக்குக் கடன்பட்டார் என்பன அதில் இல்லை. கூலிக்கு உழைப்பவர் சட்டப்படி தம் விருப்பம்போல் இடம்மாறக்கூடிய ஒரு தொழில்நாட்டில் இக்குறை பெரிதாகத் தோன்றவில்லை.

இத்தரவின் வரம்பை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். பெண்களின் குறுந்தொலைவு இடம்பெயர்வுக்கு வீட்டுப் பணியையும் தொழிற்கூட வேலையையும் ராவன்ஸ்டைன் காரணமாகக் கூறினார். இந்தியக் கணக்கெடுப்பிலும் அதே போக்கு காணப்படுகிறது; ஆனால் இங்கு முதன்மைக் காரணம் திருமணம். இடம்பெயர்வுக்கான காரணத்தை இந்தியக் கணக்கெடுப்பு 1981இல்தான் கேட்கத் தொடங்கியது. எண்கள் ஒத்திருப்பதால் காரணமும் ஒத்திருக்கும் எனக் கொள்வது பிழை என்பதற்கு இது தக்க சான்று.

இனி இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றோர் நிலையைக் காணலாம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது தமிழ் மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் கடல் கடந்து, மன்னார்ப் பகுதி வழியாக நடந்து மலைநாடு சேர்ந்தனர். காப்பி அறுவடைப் பருவத்தொழில் ஆதலால் அறுவடை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். இக்காலத்து நிலை எதிரோட்ட விதிக்கு ஓரளவு பொருந்துகிறது. 1869இல் தோன்றிய இலைநோயால் காப்பி அழிந்து, 1880களில் தேயிலை பரவியதும் நிலை மாறியது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்ததால் குடும்பங்களாகத் தங்கி வாழும் தொழிலாளர் தேவைப்பட்டனர். எதிரோட்டம் குன்றியதற்கு மக்களின் மனமாற்றத்தைவிடப் பயிர்மாற்றமே அடிப்படைக் காரணம்.

ஆள்சேர்த்தவர் கங்காணி. அவர் பெரும்பாலும் தம் ஊரிலும் உறவிலும் சாதியிலும் இருந்தே ஆட்களைத் திரட்டினார். வழிச்செலவுக்கும் பிறவற்றிற்கும் முன்பணம் கொடுத்தார். அம்முன்பணம் தொழிலாளர் பெயரில் கடனாக ஏறியது. கடனைத் தீர்த்தால் இன்னாரை விடுவிக்கலாம் எனத் தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு 'துண்டு' எனப்பட்டது. துண்டின்றி ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்கு மாற இயலாது. இம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வறட்சியும் வறுமையும் உந்தின, கூலி ஈர்த்தது என்று கூறுவது இவ்விடத்தில் பொய்யன்று, ஆனால் போதாது. உந்துதலுக்கும் ஈர்ப்புக்கும் இடையில் கடன் என்னும் கயிறு இருந்தது. தொலைவை அளந்ததும் மைல் கணக்கன்று, உறவும் கடனுமே.

இவ்வரலாற்றின் இறுதிப் பகுதியில் கலைச்சொல்லே சிக்கலாகிறது. 1948ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் குடியுரிமை அற்றவராயினர். 1964இல் இந்திய - இலங்கைத் தலைமையமைச்சர்கள் செய்துகொண்ட உடன்படிக்கை 9,75,000 பேரின் நிலையைக் கருத்தில் கொண்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் பற்றிய முடிவு 1974இல் எட்டப்பட்டு, அவர்கள் இரு நாடுகளுக்கும் சமமாகப் பகிரப்பட்டனர். இந்தியா வந்தோர் அரசு ஆவணங்களில் 'தாயகம் திரும்பியோர்' எனப்பட்டனர். அவர்களுக்கு மறுவாழ்வு அளிக்கும் நோக்கில் தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை அமைக்கத் தொடங்கியது.

மலையகத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் தாம் என்றும் கண்டிராத ஊருக்கு வருவதை எவ்வாறு 'திரும்புதல்' எனக் கூறுவது? கணக்கெடுப்பின் பிறப்பிடப் பத்தியில் அவர் இலங்கையில் பிறந்து இந்தியாவுக்குள் வந்தவர்; மறுவாழ்வுத் துறையின் ஏட்டில் அதே மனிதர் திரும்பியவர். முன்னதைக் கொண்டால் அவர் ஓட்டத்தில் சேர்வார். பின்னதைக் கொண்டால் எதிரோட்டத்தில் சேர்வார். இரண்டும் நிகழ்ந்ததை உரைக்கவில்லை. இரு அரசுகள் தலைக்கணக்கிட்டுப் பகிர்ந்துகொண்ட ஒரு மக்கள் தொகுதியின் நகர்வை, தனிமனிதத் தெரிவை அடிப்படையாகக் கொண்ட விதிகள் விளக்க இயலாது. மலையக இலக்கியத்தை ஆராய்வோர் 'மீள் இடம்பெயர்வு' என்னும் சொல்லை ஆராயாது கையாளும்போது, அரசு ஆவணத்தின் தீர்ப்பையே தம் முடிவாக ஏற்றுக்கொள்கின்றனர். அச்சொல்லை மேற்கோள் குறிக்குள் இட்டு, யாருடைய சொல் அது எனச் சுட்டிச் செல்வதே முறை.

5. முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

ஹண்டிங்டனுக்கு அறிஞர் மடல்கள், கிறிஸ்டாலருக்குத் தொலைபேசி இணைப்புகள், ராவன்ஸ்டைனுக்குப் பிறப்பிடப் பத்தி எனக் கோட்பாடுகள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தரவைச் சார்ந்தே எழுந்தன. அத்தரவு காட்டாத பகுதி கோட்பாட்டிலும் இடம்பெறவில்லை.

திணைக் கோட்பாட்டைச் சூழல் நியதிவாதத்தின் முன்னோடியாகக் கொள்வதற்கு, பாலைக்கு நிலமின்மையும் உரிப்பொருளின் முதன்மையும் தடையாகின்றன. மைய இடக் கோட்பாடு சோழர்கால நகர ஆய்வுக்குத் துணையாகலாம். எனினும் கல்வெட்டுத் தரவு கோயில் சார்ந்தது என்பதை ஆய்வாளர் கணக்கிற்கொள்ள வேண்டும். உந்து - ஈர்ப்பு விளக்கம் கங்காணி முறையின் கடனையும், 1964 உடன்படிக்கையின் அரசாணையையும் உள்ளடக்கவில்லை.

இதனால் இக்கருத்துகளை விலக்கிவிட வேண்டும் என்பது பொருளன்று. ஒத்துப்போகாத இடங்களைத் தெளிவாகக் காட்டுவதற்கே அவை பெரிதும் பயன்படுகின்றன. எதிரோட்ட விதியை அறியாதவர்க்குத் 'தாயகம் திரும்பியோர்' என்னும் சொல்லில் உள்ள முரண் புலப்படாது. வகுப்பறையில் ஒவ்வொரு கருத்தையும் அதன் ஆண்டு, இடம், தரவு ஆகியவற்றோடு சேர்த்துக் கற்பித்தால், மாணவர் அதனை மனப்பாடம் செய்வதோடு நில்லாமல், தம் ஆய்வுக்களத்தில் சோதித்துப் பார்க்கவும் முற்படுவர். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தோட்டப் பதிவேடுகள், குடும்ப அட்டைகள், முதியோர் வாய்மொழிகள் ஆகியவற்றைக் கொண்டு இவ்வகை ஆய்வுகள் மேற்கொள்ளப்பட வேண்டும். அவ்வாய்மொழிகளை அளிக்கத்தக்க தலைமுறை குறைந்து வருவதால் இப்பணியை மேலும் காலம் தாழ்த்தலாகாது.